இரண்டாவது இருக்கையின் எடை: வீட்டில் கட்டும் சிறு விமானம் எப்படி வடிவம் பெறுகிறது

பினாங்குத் தீவின் தென்கிழக்கில் குடியிருப்பவர்களுக்கு, பாயான் லெப்பாஸ் ஓடுதளத்தை நோக்கித் தாழ்ந்து வரும் விமானங்கள் அன்றாடக் காட்சி. அவற்றைப் பார்த்துப் பழகியவர்களிடம் போய், ஒரு விமானத்தை ஒருவர் தம் டெரஸ் வீட்டுக் கார் நிறுத்துமிடத்திலேயே கட்டி முடிக்கலாம் என்று சொன்னால், முதலில் சிரிப்புதான் வரும். ஆனால் உலகின் பல நாடுகளில் இது சட்டம் ஏற்றுக்கொண்ட ஒரு பொழுதுபோக்கு. அமெரிக்காவில் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் 1970களின் தொடக்கத்தில் நிறுவிய வான்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புகளை மட்டும் கணக்கில் எடுத்தால்கூட, 11,000க்கும் மேற்பட்ட விமானங்களைத் தனிமனிதர்கள் தங்கள் கையால் கட்டிப் பறக்கவிட்டிருக்கிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை இரண்டே இருக்கைகள் கொண்டவை.

இத்தகைய விமானங்களை இரண்டு வழிகளில் கட்டலாம். வரைபடத்தை மட்டும் வாங்கி, மரத்தையோ உலோகத் தகட்டையோ தாமே வெட்டிச் செதுக்கிக் கட்டுவது பழைய வழி. பாகங்கள் வெட்டப்பட்டு, துளைகளும் இடப்பட்டு, பெட்டிகளில் வந்து சேரும் 'கிட்'டை வாங்கிக் கோப்பது இன்று பெரும்பாலோர் செல்லும் வழி. எந்த வழியானாலும், கட்டும் வேலையின் பெரும்பகுதியை, அதாவது பாதிக்கு மேல், தம் கல்விக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் கட்டுபவரே செய்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. இதை '51 சதவீத விதி' என்று பேச்சுவழக்கில் சொல்வார்கள்.

ஏன் இரண்டு இருக்கை? தனியாகப் பறக்கக் கற்றுக்கொண்ட எவருக்கும் அடுத்த ஆசை, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக் காட்டுவதுதான். அந்த ஆசை நியாயமானது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைப் புரிந்துகொண்டால், சிறு விமான வடிவமைப்பில் பாதியைப் புரிந்துகொண்டதாக ஆகிவிடும் என்பது என் கருத்து.

ஒரு சிறு விமானத்தின் மொத்த எடையை நூறு பங்காகக் கொண்டால், ஏறக்குறைய 56 பங்கு விமானத்தின் வெற்று எடை, 9 பங்கு எரிபொருள், மீதி 35 பங்குதான் ஆட்களும் மூட்டைகளும் என்று வைத்துக்கொள்வோம். இது ஓர் உதாரணக் கணக்குதான் என்றாலும், நடைமுறைக்கு வெகு தொலைவில் இல்லை. ஒருவரும் அவருடைய கைப்பையுமாக 100 கிலோ ஏற்ற வேண்டுமானால் விமானத்தின் மொத்த எடை சுமார் 286 கிலோவாக இருக்கும். இப்போது 80 கிலோ எடையுள்ள இரண்டாமவரை ஏற்றுவோம். மொத்த எடை 366 கிலோ ஆகிவிடும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் விமானம் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. அவரைத் தூக்கப் பெரிய இறக்கை வேண்டும்; அந்த இறக்கையைத் தாங்கக் கனத்த உத்திரம் வேண்டும்; எல்லாவற்றையும் இழுக்க வலுவான எஞ்சின் வேண்டும்; அந்த எஞ்சின் குடிக்கக் கூடுதல் எரிபொருள் வேண்டும்; கூடிய எடையைத் தரையில் தாங்கத் தடித்த சக்கரக்கால்கள் வேண்டும். விகிதம் மாறாமல் கணக்கிட்டால் மொத்த எடை சுமார் 514 கிலோவுக்குப் போய்விடுகிறது. 80 கிலோ மனிதர் தம்மோடு கிட்டத்தட்ட 150 கிலோ உலோகத்தையும் பெட்ரோலையும் சேர்த்து அழைத்து வருகிறார். விருந்தாளி ஒருவர் வந்தால் அவரோடு அவருடைய வீட்டுச் சாமான்களும் வந்து இறங்குவதைப் போன்றது இது.

இதே சங்கிலி எதிர்த்திசையிலும் இழுக்கும் என்பதால்தான், இத்துறையில் உள்ளவர்கள் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குப் பார்க்கிறார்கள். வடிவமைக்கும் கட்டத்தில் ஒரு கிலோவைக் குறைத்தால், முடிவில் இரண்டு மூன்று கிலோ குறைந்திருக்கும்.

அடுத்து இறக்கைக்கு வருவோம். இறக்கை என்பது தன்னைக் கடக்கும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பி, அதற்கு எதிர்விளைவாகத் தான் மேல்நோக்கித் தள்ளப்படும் ஒரு பரப்பு. அந்தத் தூக்குவிசை நான்கு காரணிகளைச் சார்ந்தது: காற்றின் அடர்த்தி, இறக்கையின் பரப்பு, வேகத்தின் இருமடி, இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணத்தாலும் அதன் குறுக்குவெட்டு வடிவத்தாலும் அமையும் தூக்குக் கெழு. வேகம் குறையும்போது விமானி மூக்கை மேலும் மேலும் உயர்த்தி, கோணத்தைக் கூட்டி ஈடுகட்டலாம். ஆனால் ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டும்போது, இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு விலகிவிடும். தூக்குவிசை சட்டென்று சரியும். இதைத்தான் 'ஸ்டால்' என்கிறார்கள். எஞ்சின் நின்றுபோவதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்பதைப் புதியவர்கள் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட இலகு விளையாட்டு விமானப் பிரிவுக்கு அப்போது விதிக்கப்பட்ட உச்ச எடை 600 கிலோ. அதையே நம் உதாரண விமானத்தின் எடையாகக் கொள்வோம். இறக்கைப் பரப்பு 12 சதுர மீட்டர். ஃப்ளாப் எனப்படும் மடிப்புகளை இறக்காத நிலையில் தூக்குக் கெழுவின் உச்சம் 1.5 என்றால், பினாங்கின் நண்பகல் வெயிலில் இந்த விமானம் ஸ்டால் ஆகும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 86 கிலோமீட்டர். ஃப்ளாப்பை இறக்கிக் கெழுவை 2 ஆக உயர்த்தினால் அது 74 கிலோமீட்டராகக் குறைகிறது. விரைவாகப் பறக்க வேண்டும் என்ற ஆசையில் இறக்கையைப் பாதியாக்கி 6 சதுர மீட்டராகச் சுருக்கினால், ஃப்ளாப் இல்லாத ஸ்டால் வேகம் 121 கிலோமீட்டருக்கு ஏறிவிடும். எஞ்சின் நின்று, அறியாத வயல் ஒன்றில் இறங்க நேரும்போது, தரையைத் தொடும் வேகத்தின் இருமடிதான் உடம்பு தாங்க வேண்டிய ஆற்றலைத் தீர்மானிக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், பெரிய இறக்கையின் அருமை தெரியும். பெர்லிஸ், கெடா வயல்வெளிகள் மேலே இருந்து பார்க்கச் சமதளமாகத் தோன்றும்; ஆனால் ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு வரப்பு உண்டு.

மேலே 'நண்பகல் வெயிலில்' என்று குறிப்பிட்டது அழகுக்காக அன்று. விமானக் கணக்குகள் எல்லாம் கடல்மட்டத்தில் 15 பாகை செல்சியஸ், கனமீட்டருக்கு 1.225 கிலோ அடர்த்தி என்ற தரமான காற்றை வைத்தே தொடங்குகின்றன. நம் ஊரில் 32 பாகை வெப்பத்தில் அந்த அடர்த்தி ஏறக்குறைய 1.157 கிலோவுக்கு இறங்கிவிடுகிறது. ஈரப்பதம் அதை இன்னும் சற்றுக் குறைக்கும். தரக் காற்றில் இந்த அடர்த்தியைக் காண ஏறத்தாழ 600 மீட்டர் உயரம் ஏற வேண்டும். அதாவது, கடலோர ஓடுதளத்தில் சக்கரம் தரையில் இருக்கும்போதே, கணக்கில் நம் விமானம் கொடிமலையின் முக்கால் உயரத்தை எட்டிவிட்டது. இறக்கைக்குக் கிடைக்கும் காற்றும் மெலிவு, எஞ்சின் மூச்சிழுக்கும் காற்றும் மெலிவு, சுழல்விசிறி தள்ளும் காற்றும் மெலிவு. மூன்றும் சேர்ந்து, தரையை விட்டு எழும்பத் தேவையான ஓட்டத்தை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு நீட்டக்கூடும். குளிர்நாட்டு விற்பனைக் குறிப்பில் அச்சிட்டிருக்கும் எண்களை அப்படியே நம்பிக் கோலாலம்பூரில் ஒரு கிட்டை வாங்குபவர் இதை முதலில் கணக்கிட வேண்டும்.

இனி இரண்டாமவரை எங்கே உட்கார வைப்பது என்ற கேள்வி. எனக்கு இதுவே வடிவமைப்பின் மிகச் சுவையான இடம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கலாம், அல்லது பேருந்து இருக்கைபோல் ஒருவர் பின் ஒருவராக உட்கார வைக்கலாம். முதலாவதில் பேச்சுத் துணை உண்டு, வரைபடத்தைக் காட்டலாம், கற்பிப்பவருக்கும் கற்பவருக்கும் ஒருவர் கை மற்றவருக்குத் தெரியும்; ஆனால் உடற்பகுதி ஒரு மீட்டருக்கு மேல் அகலமாகி, காற்றை அதிகமாகக் கிழிக்க வேண்டியிருக்கும். இரண்டாவதில் உடல் ஒடுக்கம், பார்வை இருபுறமும் தெளிவு, வேகமும் சற்றுக் கூடும். இவ்வளவுதான் என்றால் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். ஆனால் இங்கே எடை மையம், அதாவது விமானத்தின் முழு எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, குறுக்கே வருகிறது.

தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைக் கோயிலுக்குக் காவடி எடுத்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பழைய முறைக் காவடியில் தண்டின் இரு முனைகளிலும் பால் செம்பு தொங்கும். தோள் நடுவில் இருக்கும். ஒரு செம்பில் பால் குறைந்தால் தண்டு சாயும், கையால் இழுத்துப் பிடிக்க வேண்டும். விமானத்தில் தோளுக்குச் சமமானது இறக்கையின் தூக்குவிசை குவியும் இடம். இழுத்துப் பிடிக்கும் கைக்குச் சமமானது வால். நம் உதாரண விமானத்தில் இறக்கையின் முன்னோரத்திலிருந்து பின்னோரம் வரை உள்ள அகலம் 1.5 மீட்டர் என்போம். எடை மையம் அந்த அகலத்தின் 20 சதவீதத்துக்கும் 30 சதவீதத்துக்கும் இடையில் விழுந்தால் விமானம் அடக்கமாகப் பறக்கும் என்று வடிவமைப்பாளர் வரையறுத்திருந்தால், அந்த எல்லையின் நீளம் வெறும் 15 சென்டிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவு.

இப்போது 80 கிலோ மனிதரை எடை மையத்துக்கு ஒரு மீட்டர் பின்னால் இருக்கும் இருக்கையில் ஏற்றுங்கள். விமானத்தின் எடை 520 கிலோவிலிருந்து 600 ஆகிறது. எடை மையம் 13 சென்டிமீட்டருக்கு மேல் பின்னுக்கு நகர்கிறது. ஒரே ஆள் ஏறி இறங்குவதில் கிட்டத்தட்ட முழு எல்லையும் செலவாகிவிட்டது. அவர் மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டால் கதை முடிந்தது. அதே மனிதரை விமானியின் பக்கத்தில், எடை மையத்துக்கு 10 சென்டிமீட்டர் பின்னால் உட்கார வைத்தால் நகர்வு 1.3 சென்டிமீட்டர் மட்டுமே. ஒருவர் பின் ஒருவராக அமரும் விமானங்களை வடிவமைப்பவர்கள், யாராவது ஒருவரை எடை மையத்தின் மேலேயே உட்கார வைத்துத் தப்பிக்கப் பார்ப்பார்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் பெர்னார்ட் பீட்டன்பால் 1929இல் ஃபோர்டு 'மாடல் ஏ' கார் எஞ்சினைப் பூட்டிப் பறக்கவிட்ட மர விமானமான 'ஏர் கேம்பர்', இன்றும் பலர் கட்டும் இருவர் விமானம். அதில் முன் இருக்கை எடை மையத்தை ஒட்டி இருக்கிறது. விமானி தனியாகப் பறந்தாலும் பின் இருக்கையிலிருந்துதான் ஓட்டுகிறார். முன்னால் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சமநிலை அதிகம் குலைவதில்லை.

எடை மையம் எல்லையைத் தாண்டி முன்னால் போனால், இறங்கும் தறுவாயில் மூக்கை உயர்த்த வாலுக்கு வலு போதாமல் போகும்; முன் சக்கரம் முதலில் தரையில் மோதும். பின்னால் போனால் இன்னும் கொடியது. விமானம் தானாக நேராகும் குணத்தை இழந்து, ஒவ்வொரு அசைவையும் பெரிதாக்கும். ஸ்டால் ஆகிச் சுழலத் தொடங்கினால் மீட்க முடியாமலும் போகலாம். ஆகவே ஐயம் வந்தால் முன்பக்கமாகத் தவறு செய்வதே மேல்.

வாலின் அளவும் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கிறது. அதன் பரப்பை மட்டும் பார்த்தால் போதாது. பரப்பையும், எடை மையத்திலிருந்து அது இருக்கும் தூரத்தையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். தூரத்தைப் பாதியாக்கினால் பரப்பை இரட்டிப்பாக்க வேண்டும். அழகுக்காகக் குட்டையான உடலை வரைந்துவிட்டு, பின்னர் பெரிய வாலை ஒட்டவைக்கும் தொடக்கநிலை வரைவாளர்களின் படங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வழக்கமான வால் அமைப்பை விட்டு விலகினால் என்ன ஆகும் என்பதற்கு வீட்டில் கட்டிய விமானங்களின் வரலாற்றிலேயே ஒரு கசப்பான பாடம் உண்டு. பிரான்சின் ஆன்ரி மின்யே 1933இல் பறக்கவிட்ட எச்.எம்.14 என்ற ஒற்றை ஆள் விமானத்தை 'வானத்துத் தெள்ளுப்பூச்சி' என்று செல்லமாக அழைத்தார்கள். முன்னும் பின்னுமாக நெருங்கிய இரண்டு இறக்கைகள். முன் இறக்கை முழுவதையும் சாய்த்துத்தான் ஏறவும் இறங்கவும் வேண்டும். மலிவு, எளிமை, சாதாரண மனிதனும் கட்டலாம் என்ற நம்பிக்கை எல்லாம் சேர்ந்து ஐரோப்பா முழுவதும் மக்கள் அதைக் கட்டத் தொடங்கினார்கள். பிறகு உயிர்ப்பலிகள் வந்தன. காற்றுச் சுரங்கச் சோதனைகளில் காரணம் வெளிப்பட்டது: மூக்கு கீழே சாய்ந்த நிலையில் அதை உயர்த்த விமானி கட்டுப்பாட்டுக் குச்சியை இழுத்தால், முன் இறக்கை சாய்ந்து, அதற்கும் பின் இறக்கைக்கும் இடையிலான சந்து வழியே பாயும் காற்று பின் இறக்கையின் தூக்குவிசையைக் கூட்டியது, மூக்கு மேலே எழுவதற்குப் பதிலாக இன்னும் கீழே போனது. காப்பாற்ற வேண்டிய அசைவே கொல்லும் அசைவாக மாறியது. பிரிட்டனிலும் பிரான்சிலும் அதற்குத் தடை வந்தது. மின்யேயின் துணிச்சலைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு புது அமைப்பு நல்ல நாளில் நன்றாகப் பறப்பது அதன் பாதுகாப்புக்குச் சான்றாகாது.

வாலை முன்னுக்குக் கொண்டுவந்து வெற்றி பெற்றவரும் இருக்கிறார். பர்ட் ருட்டான் 1975இல் பறக்கவிட்ட 'வேரிஈசி', 1979இல் வந்த 'லாங்-ஈசி' ஆகிய இருவர் விமானங்களில் மூக்கருகே சிறிய இறக்கை இருக்கும்; எஞ்சின் பின்னால் இருந்து தள்ளும். முன் இறக்கை பின் இறக்கைக்கு முன்பே ஸ்டால் ஆகும்படி அமைத்திருப்பதால், விமானி எவ்வளவு இழுத்தாலும் மூக்கு மெல்லத் தாழ்ந்து, பின் இறக்கை ஸ்டால் ஆகாமல் தப்பும். அறிவான ஏற்பாடு. ஆனால் முதலில் பயன்படுத்திய முன் இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம், காற்று வழுவழுப்பாக ஓடினால்தான் முழு வலுவோடு வேலை செய்யும் தன்மையுடையது. மழைத்துளிகள் படிந்ததும் அந்த ஓட்டம் கலைந்து, தூக்குவிசை குறைந்து, மூக்கு தாழ்ந்தது. விமானி குச்சியை இழுத்துப் பிடித்தபடியே பறக்க வேண்டியிருந்தது. பின்னர் ஜான் ரான்ஸ் வடிவமைத்த வேறு குறுக்குவெட்டு அந்தக் குறையைத் தீர்த்தது. மாலை நான்கு மணிக்கு மழை வராத நாளே அரிதாக இருக்கும் கோலாலம்பூரில் பழைய வரைபடத்தோடு ஒருவர் இதைக் கட்டியிருந்தால் முதல் வாரத்திலேயே அனுபவித்திருப்பார். முன்னும் பின்னும் சிறு இறக்கைகளோடு நடுவில் பெரிய இறக்கையும் கொண்ட 'ஈகிள் 150' என்ற இருவர் விமானம் ஆஸ்திரேலியாவில் உருவாகி, பின்னர் மலேசியாவின் சிடிஆர்எம் நிறுவனத்தின் கைக்கு வந்தது. அது தொழிற்சாலையில் கட்டப்பட்ட விமானம். ஆயினும் மூன்று பரப்புகள் எப்படி வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன என்று பார்க்க விரும்புவோருக்கு நல்ல பாடப்பொருள்.

தொழிற்சாலை விமானம் என்றாலும் வீட்டில் கட்டுபவர் பின்பற்றத்தக்க இன்னொரு சிந்தனையும் நம் நாட்டோடு தொடர்புடையது. ஸ்விட்சர்லாந்தில் வடிவமைக்கப்பட்டு 1990களில் மலேசியாவில் உற்பத்தியான 'எம்டி3-160' பயிற்சி விமானத்தில், இடமும் வலமும் மாற்றிப் பொருத்தக்கூடிய பாகங்கள் பல. வீட்டில் கட்டுபவருக்கு இதன் பொருள், ஒரே அச்சில் பல துண்டுகளை வெட்டலாம் என்பது. நுனி குறுகாத செவ்வக இறக்கை பல வீட்டு விமானங்களில் காணப்படுவதும் இதனால்தான். அதன் விலா எலும்புகள் எல்லாம் ஒரே அளவு. கூடுதல் நன்மையாக, செவ்வக இறக்கை நுனியில் அல்லாமல் உடலை ஒட்டிய பகுதியில் முதலில் ஸ்டால் ஆகும். ஆகவே நுனியருகே உள்ள ஐலரான்கள், அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மடிப்புகள், கடைசிவரை கைக்கு அடங்கும். அழகில்லை என்று சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

வலுவைப் பற்றிப் பேசும்போது 'ஜி' என்ற சொல் வரும். விமானம் 60 பாகை சாய்ந்து உயரம் இழக்காமல் திரும்பும்போது, அதில் உள்ள ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு கனக்கிறது. அதுவே 2 ஜி. இலகு விளையாட்டு விமானங்களுக்கான தரம் 4 ஜி வரை எந்தப் பாகமும் நிரந்தரமாக வளையக் கூடாது என்கிறது. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு, அதாவது 6 ஜி வரை, மூன்று வினாடியாவது முறியாமல் தாங்க வேண்டும். நம் 600 கிலோ விமானத்துக்கு அது 3,600 கிலோ. இதைச் சோதிக்க, விமானத்தைத் தலைகீழாகத் தாங்கிகளில் நிறுத்தி, இறக்கைகளின் மேல் மணல் மூட்டைகளை அடுக்குவார்கள். 50 கிலோ மூட்டை என்றால் இரு இறக்கைக்குமாக ஏறக்குறைய 72 மூட்டைகள், உடலை ஒட்டி அதிகமாகவும் நுனியை நோக்கிக் குறைவாகவும். இவ்வளவு சுமையையும் பெரும்பாலும் தாங்குவது ஸ்பார் எனப்படும் ஒற்றை உத்திரம்தான். அதன் மேல் விளிம்பு அமுங்கும், கீழ் விளிம்பு இழுபடும். நடுத்தகடு இரண்டையும் விலகாமல் பிடித்து வைக்கும். வீட்டு உத்தரத்துக்கு இரும்பு 'ஐ-பீம்' போடும் கொத்தனார் அறிந்த அதே தத்துவம்.

மூட்டைகள் சோதிக்காத ஓர் ஆபத்தும் உண்டு. கொடியில் காயும் வேட்டி குறிப்பிட்ட காற்று வேகத்தில் படபடக்கத் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இறக்கையும் ஐலரானும் அப்படிப் படபடக்கத் தொடங்கினால், ஒவ்வொரு அசைவும் காற்றிலிருந்து மேலும் ஆற்றலை வாங்கிக்கொண்டு, சில வினாடிகளிலேயே இறக்கை பிய்ந்துவிடலாம். கிறிஸ் ஹைன்ட்ஸ் வடிவமைத்த சி.எச். 601 எக்ஸ்எல் என்ற இருவர் விமானம் நடுவானில் உடைந்த விபத்துகளை அடுத்து, அவற்றைப் பறக்கவிடாமல் நிறுத்துமாறு 2009 ஏப்ரலில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கேட்டுக்கொண்டது. இந்தப் படபடப்பும் இறக்கைக் கட்டமைப்பின் வலுவும் ஆராயப்பட்டன. இறக்கைகளை வலுப்படுத்தி, ஐலரான்களில் சமன் எடைகளைச் சேர்க்கும் மாற்றம் அறிவிக்கப்பட்டது. கீலுக்கு முன்னால் பொருத்தும் சிறு ஈயத்துண்டு, ஐலரானின் எடை மையத்தைக் கீலுக்கே கொண்டுவந்து அந்த ஆட்டத்தைத் தொடங்கவிடாமல் தடுக்கிறது. எடையைக் குறைப்பதே வேதமாக இருக்கும் தொழிலில், வேண்டுமென்றே எடை சேர்க்கும் அபூர்வமான இடம் இது. ஐலரானுக்குத் தாராளமாக இரண்டாம் பூச்சு வண்ணம் அடிப்பவர் இந்தச் சமநிலையைக் கெடுக்கிறார் என்பதால், வண்ணம் அடித்த பிறகு அதை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

மூலப்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நம் தட்பவெப்பம் ஒரு கட்சியாகவே வந்து உட்கார்ந்துவிடும். மரம் இனிமையானது, தச்சுக் கருவி போதும். ஆனால் பூஞ்சணமும் கரையானும் நம் ஊரில் விடுமுறை எடுப்பதில்லை, மூடிய பெட்டிகளுக்குள் காற்றோட்டமும் நீர் வடியும் துளைகளும் கட்டாயம். வலு அளந்து தரம் பிரிக்கப்படாத உள்ளூர்ப் பலகையை, பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பயன்படுத்தவே கூடாது. நுரைப்பாளத்தின் மேல் கண்ணாடி இழையையும் எபாக்சிப் பசையையும் பூசிச் செய்யும் ருட்டான் முறையில் எந்த வளைவும் கைக்கு வரும். ஆனால் அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சி அதிக சூட்டில் இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் கரிய காரின் மேல் கை வைத்துப் பார்த்தவருக்கு, இவ்வகை விமானங்கள் ஏன் வெள்ளை நிறத்திலேயே இருக்கின்றன என்பது விளங்கும். அலுமினியத் தகடும் ரிவெட்டும் கொண்ட முறையே இன்று மிகப் பரவலானது. 6061 எனப்படும் கலவை உப்புக் காற்றைச் சற்று நன்றாகத் தாங்கும். 2024 கலவை அதைவிட வலுவானது, ஆனால் அரிப்புக்கு எளிதில் ஆளாகும் என்பதால் மேலே தூய அலுமினியப் படலம் ஏற்றியே விற்கிறார்கள். கடலோரத்தில் கட்டுபவர் ரிவெட் அடிப்பதற்கு முன்பே உட்பக்கம் முழுவதும் பிரைமர் பூசிவிட வேண்டும். பிறகு உள்ளே கை நுழையாது.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இந்த அளவு விமானங்களுக்கு ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 912 வரிசை மிகவும் பழக்கமானது. 80 குதிரைத்திறனிலும் 100 குதிரைத்திறனிலும் கிடைக்கிறது. நிமிடத்துக்கு 5,800 சுற்று வரை ஓடும் அதன் வேகத்தைப் பல்சக்கரங்கள் குறைத்துச் சுழல்விசிறிக்கு அனுப்புகின்றன. மணிக்கு 180 கிலோமீட்டரில் மட்டமாகப் பறக்க நம் விமானத்துக்கு ஏறத்தாழ 50 குதிரைத்திறனே போதும். மீதி, மேலே ஏறுவதற்கு. வேகத்தைக் கூட்ட எண்ணுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியாக உயர்வதால், 10 சதவீத வேகத்துக்கு 33 சதவீதத் திறன் கூடுதலாக வேண்டும். பெரிய எஞ்சின் வாங்குவதைவிட, சக்கரங்களுக்கு உறை போட்டு, சந்துகளை அடைத்து, காற்றின் தடையைக் குறைப்பது மலிவு.

கட்டும் காலம் கிட்டைப் பொறுத்துச் சில நூறு மணியிலிருந்து 2,000 மணிவரை ஆகலாம். வாரத்துக்கு 10 மணி ஒதுக்கினால் 2,000 மணி என்பது கிட்டத்தட்ட நான்கு ஆண்டு. ஒன்றாம் படிவத்தில் சேர்ந்த பிள்ளை ஐந்தாம் படிவத்துக்குப் போய்விடும். 8 மீட்டர் அகல விமானத்தின் ஒரு பக்க இறக்கை 4 மீட்டருக்குள் அடங்குவதால், டெரஸ் வீட்டின் முன்புறம் அதற்குப் போதும். முழு விமானத்தையும் கோப்பதற்கு மட்டும் ஓடுதளத்தோரம் கொட்டகை தேட வேண்டும். வான்ஸின் ஆர்வி-12 போன்றவற்றில் இறக்கைகளைக் கழற்றி மாட்டும்படியே வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் முதல் ரிவெட்டுக்கு முன்பே, ஏன், பணம் கட்டுவதற்கு முன்பே, மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்மிடம் எழுத்தில் கேட்டுத் தெளிவு பெறுவதே முறை. கட்டி முடித்த பிறகு அனுமதிக்கு அலைவது, வீடு கட்டிய பிறகு மனைப் பத்திரத்தைத் தேடுவதைப் போன்றது.

எல்லாம் முடிந்ததும் மூன்று சக்கரங்களுக்கும் கீழே மூன்று தராசுகளை வைத்து விமானத்தை நிறுப்பார்கள். வரைபடத்தில் 330 கிலோ என்று இருந்த வெற்று எடை, தோல் இருக்கை உறை, கூடுதல் மின்னணுத் திரை, தாராளமான வண்ணப்பூச்சு எல்லாம் சேர்ந்து 355 ஆகியிருப்பது சாதாரணம். மூன்று எண்களிலிருந்தும் எடை மையத்தின் இடத்தைக் கணக்கிட்டு, அந்தச் சாணுக்குக் குறைவான எல்லைக்குள் அது விழுகிறதா என்று பார்ப்பார்கள். 355 கிலோ விமானத்தில் 54 கிலோ எரிபொருள் நிரப்பினால், 600 கிலோ வரம்பில் மனிதர்களுக்கு மிஞ்சுவது 191 கிலோ. தலா 95 கிலோ உள்ள இரு நண்பர்கள் தங்கள் கைப்பைகளை வீட்டிலேயே விட்டுவர வேண்டும், இல்லாவிட்டால் எரிபொருளைக் குறைத்துக்கொண்டு அருகில் மட்டும் போய்வர வேண்டும்.

அதன்பின் சோதனைப் பறப்பு. அமெரிக்க நடைமுறையில், எஞ்சினும் சுழல்விசிறியும் சான்று பெற்ற இணையாக இருந்தால் பொதுவாக 25 மணி, இல்லாவிட்டால் 40 மணி நேரம், ஒதுக்கப்பட்ட வான்பரப்புக்குள் பறந்து காட்ட வேண்டும். அதுவரை பயணி எவரையும் ஏற்றக் கூடாது. விமானி தனியாக எழும்பி, ஸ்டால் வேகத்தை அளந்து, ஏறும் வேகத்தைக் குறித்து, ஒவ்வொரு நாளும் சற்று அதிக எடையோடு மறுபடி பறக்கிறார். இறக்கைப் பரப்பையும் உத்திரத்தின் தடிப்பையும் எஞ்சினின் திறனையும் தீர்மானித்த அந்த இரண்டாவது இருக்கையில், அத்தனை வாரங்களும் வார்ப்பட்டையால் இறுக்கிக் கட்டிய மணல் மூட்டைதான் உட்கார்ந்திருக்கும்.